ஐந்தொகை நேராகும் வரை

கணக்கெழுதிப் பழகியவர்களிடம் ஒரு பழைய கைவித்தை உண்டு. ஐந்தொகை எடுக்கும்போது வரவும் பற்றும் நேராகவில்லை என்றால், விழுகிற வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். 612 என்பது 621 ஆகியிருக்கும், 45 என்பது 54 ஆகியிருக்கும். பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதில்லை, அந்த மாதிரி எண்களை மட்டும் தேடினால் போதும். எல்லா ஊர்க் கணக்கர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கொண்டுவிற்றுப் பிழைத்த செட்டிநாட்டில் இதற்குத் தனி மரியாதை.

வாக்கு எண்ணும் மேசையில் ஏஜெண்டாக உட்காரப் போகிறவர் முதலில் கற்றுக்கொண்டு போக வேண்டியது இந்த வித்தையைத்தான். ஆட்சி மாறுவதை நாம் டிவியில் பார்க்கிறோம். பச்சைப் பட்டை, சிவப்புப் பட்டை, பெரும்பான்மைக்கான 118 என்ற கோடு, பட்டாசு. அந்தப் பட்டைகளுக்குள் போகிற எண் ஒவ்வொன்றும் ஒரு மேசையில், ஒரு படிவத்தில், ஒருவர் கையால் எழுதியது. எழுதுகிற கை தப்புப் பண்ணும். தப்பைக் கண்டுபிடிக்க எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருக்கிறது: ஒரு பூத்தில் விழுந்த ஓட்டுகளின் கணக்கைச் சொல்லும் படிவம் 17சி.

அதற்குப் போகுமுன் ஊர்க்கணக்கு கொஞ்சம். செட்டிநாடு ஒரே தொகுதி இல்லை. காரைக்குடியும் தேவகோட்டையும் காரைக்குடித் தொகுதி, எண் 184. அதற்கு அடுத்தது திருப்பத்தூர், எண் 185. தேர்தல் ஆணைய இணையதளத்தில் முடிவு தேடுகிறவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் வடக்கே எண் 50-லும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. தப்பான திருப்பத்தூரின் முன்னிலையைப் பார்த்து இங்கே இனிப்பு வாங்க ஆள் அனுப்புவது நடக்கக்கூடியதுதான். கோனாபட்டு, கடியாபட்டி, ராயவரம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம், எண் 181. அதனால் ஒரே கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுகிற பங்காளிகளின் ஓட்டுகள் இரண்டு ஊர்களில் எண்ணப்படும். சிவகங்கை மாவட்டத்து ஓட்டு காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில், திருமயத்து ஓட்டு புதுக்கோட்டையில். நகரத்தார் கணக்கில் கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஓட்டுக் கணக்கில் அவர்கள் இரண்டு தலை. இரண்டும் ஒரே பக்கம் விழும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

17சி

வாக்குப்பதிவு முடிந்ததும் பூத்தின் தலைமை அலுவலர் வாக்கு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டில் ‘க்ளோஸ்’ பொத்தானை அழுத்திவிட்டு, படிவம் 17சி-யின் முதல் பகுதியை நிரப்புகிறார். அந்த பூத்தின் வாக்காளர் எத்தனை பேர், 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் எத்தனை, கையெழுத்துப் போட்டபிறகு ஓட்டுப் போடாமல் திரும்பியவர் எத்தனை, இரகசியம் காக்காததால் அனுமதி மறுக்கப்பட்டவர் எத்தனை, இயந்திரம் காட்டும் மொத்தம் எத்தனை. பதிவேட்டில் 846, போடாமல் போனவர் 2, மறுக்கப்பட்டவர் யாருமில்லை என்றால் இயந்திரம் 844 காட்ட வேண்டும். அதோடு கன்ட்ரோல் யூனிட்டின் தொடர் எண், பயன்படுத்திய பச்சைத் தாள் முத்திரைகளின் எண்கள்.

அந்த நேரத்தில் பூத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்சி ஏஜெண்டுக்கும் இதன் சான்றிட்ட நகலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49எஸ். ‘அந்த நேரத்தில் இருக்கும்’ என்பதில்தான் சிக்கல். காலை ஐந்தரை மணிக்கு மாதிரி ஓட்டுக்கு வந்த ஆள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பசியோடும் தலைவலியோடும் இருப்பார். ‘அண்ணே, அதான் முடிஞ்சிருச்சுல்ல’ என்று கிளம்பிவிடுவார். அவருடைய கட்சிக்கு அந்த பூத்தின் 17சி போயிற்று. எண்ணிக்கை நாளில் அந்த பூத்துக்கு அவர்கள் கண் கட்டிய குதிரை. தோற்ற பிறகு இயந்திரத்தைக் குறை சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உங்களிடம் எத்தனை பூத்தின் 17சி இருக்கிறது என்பதுதான்.

எந்த மேசைக்கு எந்த பூத்

ஒரு தொகுதிக்கு ஓர் அரங்கில் வழக்கமாக 14 மேசைகள், அதற்கு மேல் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசை ஒன்று. 14 பூத்துகளின் இயந்திரங்கள் ஒரு தடவைக்கு வரும், அதுதான் ஒரு சுற்று. 336 பூத்துகள் இருந்தால் 24 சுற்று. முதல் பூத் முதல் மேசைக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு, பதினைந்தாவது மறுபடி முதல் மேசைக்கு. ஆறாம் மேசையில் உட்காருகிறவர் 6, 20, 34, 48 என்று பதினான்கு பதினான்காகக் கூட்டிக்கொண்டே போய், அந்த பூத்துகளின் 17சி-களை மட்டும் வரிசையாக அடுக்கி ஒரு க்ளிப்பில் போட்டுக்கொண்டு போனால் போதும். மொத்தக் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, இயந்திரம் மேசைக்கு வந்த பிறகு தேட ஆரம்பிப்பவர் மூன்றாவது சுற்றிலேயே பின்தங்கிவிடுவார்.

இந்தக் கூட்டல் கணக்கு கெடுவதும் உண்டு. 23-க்கும் 24-க்கும் நடுவில் 23ஏ என்று ஒரு துணை பூத் இருந்தால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு மேசை நகர்ந்துவிடும். 2021-ல் கொரோனாவை முன்னிட்டு பூத்துக்குச் சுமார் ஆயிரம் பேர் என்று குறைத்ததால் இப்படித் துணை பூத்துகள் பெருகிக் கிடந்தன. அலுவலர் தருகிற மேசைவாரி அட்டவணையை முந்தின நாளே வாங்கிச் சரிபார்த்துக்கொள்வதுதான் வழி.

ஏஜெண்டை நியமிப்பது படிவம் 18. புகைப்படத்தோடு, எண்ணிக்கை நாளுக்கு மூன்று நாள் முன்பே மாலை 5 மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அரசு ஊழியர் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறை. எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர், மேயர் யாரும் ஏஜெண்டாக முடியாது. பிரபலமான ஆளைவிடக் கூட்டல் தெரிந்த ஆளே மேல். ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர், மளிகை மண்டியில் நாற்பது வருஷம் சிட்டை எழுதியவர், இவர்கள்தான் இந்த மேசைக்குப் பொருத்தம். கட்சிகள் அனுப்புவதோ பெரும்பாலும் தொண்டை பெரிதாக உள்ளவர்களை.

செல்போன் உள்ளே வராது. பேனா, வெள்ளைத்தாள், 17சி நகல் இவை போதும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏஜெண்ட், அந்தப் பக்கம் மேற்பார்வையாளர், உதவியாளர், மத்திய அரசு ஊழியரான நுண்பார்வையாளர். உட்காரும் வரிசைக்கும் விதி உண்டு: அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சி, பிறகு மாநிலக் கட்சி, பிறகு பதிவு மட்டும் செய்த கட்சி, கடைசியில் சுயேச்சை. கண்ணாடி போடுகிறவர் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். சின்னத்திரை சின்ன எழுத்து.

இயந்திரம் மேசைக்கு வந்தால்

பெட்டியைத் திறந்ததும் யாரும் பொத்தானை அழுத்த விடாதீர்கள். முதலில் தொடர் எண். ‘சார், நம்பரை ஒரு தடவை இந்தப் பக்கம் திருப்புங்க’ என்று கேட்கலாம், கேட்பது உரிமை. 17சி-யில் உள்ள எண்ணும் இயந்திரத்தின் மேலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து முகவரிச் சீட்டு, முத்திரைகள், பச்சைத் தாளின் எண். எல்லாம் சரி என்றால் முடிவுப் பகுதியின் வெளிமூடியைத் திறந்து, பச்சைத் தாளைத் துளைத்து, உள்ளேயிருக்கும் ‘ரிசல்ட்’ பொத்தானை அழுத்துவார்கள். திரையில் வாக்குப்பதிவு நடந்த தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வேட்பாளர் எண்ணிக்கை, மொத்த ஓட்டு, அதன்பின் ஒன்றாம் வேட்பாளரிலிருந்து கடைசி நோட்டா வரை ஒவ்வொன்றாக ஓடும். மொத்த ஓட்டு வரும்போதே 17சி-யின் 844-ஐ விரலால் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது பொருந்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேகமாக ஓடிவிட்டால் மறுபடி அழுத்தச் சொல்லலாம், இயந்திரம் களைத்துப் போகாது.

இதைக் குறித்து எழுதுகிறபோதுதான் பிழை வரும். இரண்டு வகைதான் அதிகம். ஒன்று, மேலே சொன்ன இலக்கம் மாறுவது. இன்னொன்று, வரி நழுவுவது: ஏழாம் வேட்பாளரின் ஓட்டை எட்டாம் வரியில் எழுதிவிட்டு அங்கிருந்து எல்லாமே ஒரு படி கீழே போவது. இப்படி நழுவினாலும் மொத்தம் சரியாக வந்துவிடும் என்பதால் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பேரும் தெரியாத சுயேச்சைக்கு ஒரு பூத்தில் மட்டும் 300 ஓட்டு விழுந்திருந்தால் அது வரி நழுவல். முடிவை எழுதும் 17சி-யின் இரண்டாம் பகுதியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இயந்திரமே முரண்டு பிடிக்கும் சந்தர்ப்பங்களும் வரும். க்ளோஸ் அழுத்த மறந்த இயந்திரம் முடிவு காட்டாது. காலையில் போட்ட மாதிரி ஓட்டை அழிக்காமலே பதிவைத் தொடங்கியிருந்தால், திரையில் மொத்தம் 17சி-யைவிட அந்த மாதிரி ஓட்டின் அளவுக்குக் கூடுதலாக நிற்கும். இப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதையெல்லாம் எண்ணுவார்கள். கடைசியில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒதுக்கி வைத்த பூத்துகளின் மொத்த ஓட்டைவிட அதிகம் என்றால் அவற்றைத் தொட வேண்டியதே இல்லை. குறைவாகவோ சமமாகவோ இருந்தால் அந்த பூத்துகளின் விவிபேட் சீட்டுகளை, அதாவது ஒவ்வொரு ஓட்டுக்கும் அச்சாகிப் பெட்டியில் விழுந்த தாள்களை, எண்ணுவார்கள். திரை எரியாமல் போனால் பேட்டரி மாற்றிப் பார்ப்பது, அதுவும் ஆகவில்லை என்றால் சீட்டு.

பேட்டரி 99 சதவீதம் காட்டுகிறது, ஆகவே இயந்திரத்தையே மாற்றிவிட்டார்கள் என்ற சண்டை சமீப காலத்தில் புதிதாக முளைத்திருக்கிறது. ஆணையம் 2024-ல் தந்த விளக்கம்: மின்னழுத்தம் 7.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை திரை 99 என்றே காட்டும், அதன் பிறகுதான் உண்மையான சதவீதம் தெரியும். சண்டை போடுவதற்குத் தொடர் எண்ணும் மொத்த ஓட்டும் இருக்கும்போது பேட்டரியைப் பிடித்துக்கொள்வது வீண்.

தபால் ஓட்டு

எண்ணிக்கை 8 மணிக்குத் தபால் ஓட்டில் தொடங்கும், அரை மணி கழித்து இயந்திரம். காலை 8 மணி வரை வந்து சேர்ந்த உறைகள்தான் கணக்கு. 8:05-க்குத் தபால்காரர் கொண்டுவந்தால் அது வெறும் காகிதம். 2025 செப்டம்பரில் ஆணையம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: தபால் ஓட்டு எண்ணி முடிக்கும் வரை, இயந்திரங்களின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது. நல்ல திருத்தம். பழையபடி எல்லாம் முடிந்து கிடக்கும்போது தபால் மேசை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் சந்தேகம்தான் வளரும்.

வெளியுறை 13சி. அதைத் திறந்தால் 13ஏ என்ற உறுதிமொழியும் 13பி என்ற உள்ளுறையும் இருக்க வேண்டும். உறுதிமொழி இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, அதிலுள்ள வாக்குச்சீட்டு எண்ணும் உள்ளுறையின் மேல் எழுதிய எண்ணும் வேறு என்றால், உள்ளுறையைத் திறக்காமலே தள்ளுபடி. பல வருஷம் பாடம் நடத்திய ஆசிரியர்கள்கூட இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள். தள்ளுபடியான தபால் ஓட்டுகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவை எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும். யாரும் கேட்கத் தேவையில்லை, அது அலுவலரின் கடமை.

ராதாபுரம் இதற்கு நிரந்தர உதாரணம். 2016-ல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். தள்ளுபடியான 203 தபால் ஓட்டுகளில் தலைமை ஆசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா என்பதுதான் வழக்கின் மையம். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த 203-ஐயும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டப்பேரவையின் ஐந்து வருஷம் அப்படியே ஓடி முடிந்தது. 2021-ல் அப்பாவு அதே ராதாபுரத்தில் வென்று, மே 12 அன்று பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் தீர்க்காததை நீதிமன்றத்தில் தீர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

முன்னிலை என்ற மாயம்

வாக்குச்சாவடிகளுக்கு எண் போடுவது தொகுதியின் வடமேற்கு மூலையில் தொடங்கித் தென்கிழக்கில் முடியும். அதனால் சுற்றுகளுக்கு ஒரு நிலவியல் உண்டு. காரைக்குடித் தொகுதியில் தேவகோட்டைப் பக்கத்து பூத்துகள் பெரும்பாலும் பின்சுற்றுகளில் வரும். பத்தாவது சுற்றில் நாலாயிரம் முன்னிலை என்றால், அது எந்தப் பக்கத்து நாலாயிரம், இன்னும் எண்ணாதது எந்தப் பக்கம் என்று கேட்காமல் பேசுவது வெறும் வாய். போன தேர்தலின் படிவம் 20, அதாவது பூத்வாரி முடிவு, தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலேயே கிடைக்கும். அதே பூத்துகளில் போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று பத்து பூத் ஒப்பிட்டுப் பார்த்தால், டிவிக்கு இரண்டு மணி நேரம் முன்பே காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

2021-ல் காரைக்குடியில் காங்கிரஸின் மாங்குடி, பா.ஜ.க.வின் எச்.ராஜாவை 21,589 ஓட்டில் வென்றார். மூன்றாமிடத்து அ.ம.மு.க. நாற்பதாயிரத்தைத் தாண்டி டெபாசிட்டையும் மீட்டது. டெபாசிட் பத்தாயிரம் ரூபாய், செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். நோட்டா இந்தச் செல்லும் ஓட்டில் சேராது. அதே நாள் திருமயத்தில் ரகுபதி வென்றது வெறும் 1,382-ல். இருபத்தோராயிரத்தில் தூங்கினாலும் பரவாயில்லை. ஆயிரத்து முந்நூற்றில் ஒரே ஒரு பூத்தின் வரி நழுவினால் போதும்.

1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 ஓட்டில். அந்தத் தேர்தலில்தான் தி.மு.க. 137 இடம் பிடித்து முதல்முறையாக ஆட்சிக்கு வந்தது.

விவிபேட்

கடைசிச் சுற்று முடிந்ததும் குலுக்கலில் ஐந்து பூத்துகளை எடுத்து, அவற்றின் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். ஒன்றாக இருந்ததை ஐந்தாக்கியது 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம். வங்கிக் காசாளர் கூண்டு மாதிரி கம்பி வலை அடித்த இடத்தில், வேட்பாளருக்கு ஓர் அறை உள்ள மரப்பெட்டியில் சீட்டுகளைப் பிரித்து, 25 சீட்டுக்கு ஒரு கட்டு. சீட்டுக்கும் இயந்திரத்துக்கும் வேறுபாடு வந்தால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும், விதி 56டி அப்படிச் சொல்கிறது. ஒரு சீட்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது, பக்கத்து அறையில் விழுவது, இவைதான் முதலில் வரும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம். மறுபடி எண்ணினால் நேராகும். ஏஜெண்டுகள் இதற்குள் பாதிப் பேர் கிளம்பிப் போய்விடுவதுதான் வருத்தம்.

அந்த இரண்டு நிமிடம்

எல்லாம் கூட்டி முடித்து மொத்தத்தை அறிவித்த பிறகு, படிவம் 20-ல் கையெழுத்துப் போடுமுன் அலுவலர் கொஞ்சம் நிறுத்துவார். மறு எண்ணிக்கை கேட்க வேண்டிய நேரம் அதுதான், விதி 63. எழுத்தில் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிட்டது. ‘முறைகேடு நடந்துள்ளதாகச் சந்தேகிக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் மனு நிராகரிப்பாகத்தான் திரும்பி வரும். ‘19-ஆம் சுற்று, 4-ஆம் மேசை, இந்த பூத், மேசையில் நாங்கள் குறித்தது 612, சுற்றுப் பலகையில் 621’ என்று எழுதினால் அலுவலர் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அப்படி எழுதுவதற்கு வேண்டியது, காலையிலிருந்து ஒவ்வொரு மேசையிலும் குறித்து வைத்த தாள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு.

பிறகு 21சி-யில் அறிவிப்பு, 22-ல் வெற்றிச் சான்றிதழ். மாலை விழுந்த கழுத்தோடு அந்தச் சான்றிதழை வாங்கும் படம்தான் மறுநாள் பேப்பரில்.

ஆட்சி எங்கே மாறுகிறது

234 சான்றிதழ்களின் பட்டியலை ஆணையம் அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவில் அறிவிக்கையாக வெளியிட்டால் புதிய பேரவை அமைந்துவிட்டது. முதலமைச்சர் யார் என்பது அதில் இல்லை. அரசியலமைப்பின் 164-ஆவது பிரிவு ‘ஆளுநர் நியமிப்பார்’ என்று மட்டும் சொல்கிறது. ஒரே கட்சிக்கு 118 இருந்தால் பேச்சே கிடையாது. 2021 தேதிகளைப் பார்த்தால் வரிசை புரியும். மே 2 எண்ணிக்கை, தி.மு.க. 133, கூட்டணி 159. மே 3 எடப்பாடி பழனிசாமி பதவி விலகல் கடிதம். மே 4 சட்டமன்றக் கட்சித் தலைவராக மு.க.ஸ்டாலின் தேர்வு. மே 5 ஆளுநரிடம் உரிமை கோரல். மே 7 பதவியேற்பு, முதல்வரையும் சேர்த்து 34 பேர். 2003-ல் வந்த 91-ஆவது திருத்தம் அமைச்சரவையை 15 சதவீதத்துக்குள் அடக்கியது. 234-க்கு அது 35. ஆக ஓர் இடம் மிச்சம் வைத்திருந்தார்கள். மே 11 தற்காலிகப் பேரவைத் தலைவர் பிச்சாண்டி முன்னால் உறுப்பினர்கள் உறுதிமொழி, மறுநாள் பேரவைத் தலைவர் தேர்வு. வென்றவர் உறுதிமொழி எடுக்கும்வரை அவையில் உட்காரவோ ஓட்டுப் போடவோ முடியாது.

எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்வரும் ஆகலாம், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். 1967-ல் அண்ணா அப்படித்தான், நாடாளுமன்ற உறுப்பினராக வென்றவர் முதல்வராகி மேலவைக்கு வந்தார். 2001-ல் ஜெயலலிதாவின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது வேறு கதை, தகுதியே இல்லாதவருக்கு அந்த ஆறு மாதச் சலுகை கிடையாது என்றது தீர்ப்பு. பெரும்பான்மை இல்லாவிட்டாலும் ஆட்சி நடக்கும். 2006-ல் தி.மு.க. 96 இடத்தோடு, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்க, ஐந்து வருஷத்தையும் ஓட்டியது.

காரைக்குடி ஆளுங்கட்சிப் பக்கம் சாயும் ஊர் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. 1989-ல் தி.மு.க.வின் இராம.நாராயணன், 1991-ல் அ.தி.மு.க.வின் கற்பகம், 1996-ல் த.மா.கா.வின் சுந்தரம், மூவரும் ஆளும் பக்கம். 2001-ல் தி.மு.க. கூட்டணியில் நின்ற எச்.ராஜா வென்றார், ஆட்சி அ.தி.மு.க.வுக்குப் போனது. 2006, 2011 மறுபடி ஆளும் பக்கம். 2016-ல் காங்கிரஸின் கே.ஆர்.ராமசாமி, எதிர்வரிசை. 2021-ல் மாங்குடி, ஆளும் பக்கம். ஆக 1989 முதல் 2021 வரை எட்டில் இரண்டு தடவை தப்பியிருக்கிறது. இன்னும் பின்னால் போனால் 1962-ல் சுதந்திராக் கட்சியில் நின்று வென்ற கம்பன் அடிப்பொடி சா.கணேசன், அவரும் எதிர்வரிசைதான். எதிர்வரிசை எம்.எல்.ஏ. என்றால் ஊருக்கு ஒன்றும் வராது என்பதை நான் நம்புவதில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி எல்லோருக்கும் ஒரே அளவு. ஒரு கையெழுத்துக்குப் பல்லவன் ரயிலில் எத்தனை தடவை சென்னைக்குப் போய்வருவது என்பதில்தான் வித்தியாசம்.

பதவியேற்ற அன்றே ஸ்டாலின் ஐந்து கோப்புகளில் கையெழுத்திட்டார். அவற்றில் ஒன்று சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம், மறுநாளே நடைமுறை. ஆனால் மே 10 முதல் முழு ஊரடங்கு, பஸ்ஸே ஓடவில்லை. தேவகோட்டை ரோட்டில் ஆச்சிகள் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்து போனது முதலில் இரண்டே நாள். ஆவின் பால் மூன்று ரூபாய் குறைந்தது மே 16-லிருந்து. பெரிய காசு விஷயங்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. பழைய அரசு பிப்ரவரியில் போட்ட இடைக்கால பட்ஜெட்டின் பணத்தில்தான் புதிய அரசு முதல் மாதங்களைத் தள்ளும். அந்த வருஷம் நிதிநிலை வெள்ளை அறிக்கை ஆகஸ்ட் 9, திருத்திய பட்ஜெட் ஆகஸ்ட் 13. அதற்குள் மாறுவது ஆட்கள்: தலைமைச் செயலாளர், அட்வகேட் ஜெனரல், அரசு வழக்கறிஞர்கள், அதன்பின் கலெக்டர்கள், கடைசியில் தாலுகா ஆபீஸ் சுவரில் உள்ள படம்.

இவ்வளவும் நடக்கிறபோது பொறியியல் கல்லூரி அரங்கில் கம்பி வலையைக் கழற்றியிருப்பார்கள். இயந்திரங்களும் சீட்டுகளும் மறுபடி சீல் வைத்துக் காப்பறைக்குப் போகும். தேர்தல் வழக்குப் போட முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம். விவிபேட்டில் சின்னம் ஏற்றும் கருவியையும் அந்த 45 நாள் சீல் வைத்தே வைத்திருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டு, செலவையும் கட்டினால், ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ஏஜெண்டுகளும் தங்கள் 17சி நகல்களையும் மேசைக் குறிப்புகளையும் அதுவரை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். 2021-ல் அந்த 45-ஆவது நாள் ஜூன் 16. புதிய ஆட்சிக்கு அன்றைக்கு வயது நாற்பது நாள்.